குளியலறைப் புதுப்பிப்பு: ஒரே புதுமை சிறிய அறையில் ஒன்றாகவும் பெரிய அறையில் வேறொன்றாகவும் ஆவது ஏன்?

குளியலறையைப் புதுப்பிக்க நினைப்பவர் எந்த விளம்பரக் கையேட்டைப் புரட்டினாலும் ஏறத்தாழ ஒரே பொருள்களைத்தான் காண்கிறார்: தடுப்புத் திட்டு இல்லாமல் தரையோடு தரையாக அமைந்த ஷவர், சுவரில் தொங்கும் கமோடு, இணைப்புக் கோடுகள் குறைந்த பெரிய டைல், மங்கிய கறுப்பு நிறக் குழாய்கள், தனித்து நிற்கும் குளியல் தொட்டி, சுவருக்குள் பதிந்த சிறு மாடம். 3 சதுர மீட்டர் அறைக்கும் 12 சதுர மீட்டர் அறைக்கும் இதே பட்டியல்தான் காட்டப்படுகிறது. குழப்பம் தொடங்குவதும் இங்கேதான். இவற்றுள் பல, சிறிய அறையின் நெருக்கடிக்கு உண்மையான தீர்வுகள். அவையே பெரிய அறைக்குப் போகும்போது அழகுக்காக மட்டுமே நிற்கின்றன. சில வேளைகளில் முன்பு இல்லாத தொல்லையையும் கூட்டிவருகின்றன. வேறு சில, பெரிய அறைக்கென்றே பிறந்தவை. சிறிய அறையில் திணித்தால் நடமாட இடமிருக்காது. எது எங்கே பொருந்தும் என்பதை அறிய, கண்ணுக்குத் தெரியும் மேற்பரப்பிலிருந்து தொடங்காமல், தரைக்கு அடியிலும் சுவருக்கு உள்ளேயும் இருப்பதிலிருந்து தொடங்குவதே முறை.

கண்ணுக்குத் தெரியாத நான்கு வரம்புகள்

1. கழிவுக் குழாயின் இடம். கமோடிலிருந்து வெளியேறும் குழாய் ஏறத்தாழ 100 மில்லிமீட்டர் விட்டம் கொண்டது. அதற்கு 40 மீட்டருக்கு 1 மீட்டர் என்ற விகிதத்தில் வாட்டம் கொடுத்தால், கமோடை 2 மீட்டர் தள்ளி வைப்பதற்குக் குழாய் 50 மில்லிமீட்டர் இறங்க வேண்டும். குழாயின் பருமனோடு சேர்த்து இந்த ஆழம் முழுவதும் தளத்தின் கனத்துக்குள்ளோ, கீழ்த்தளத்தின் பொய்க்கூரைக்கு மேலோ அடங்கியாக வேண்டும். வாஷ்பேசினின் குழாயோ 32 முதல் 40 மில்லிமீட்டர்தான். அதைச் சுவர் வழியாகவே திருப்பிவிடலாம். எனவே அறையின் அமைப்பை மாற்றுகையில் வாஷ்பேசினை முதலில் நகர்த்தலாம், ஷவரை அடுத்து நகர்த்தலாம், கமோடை வேறு வழியே இல்லாதபோது மட்டும் நகர்த்தலாம்.

2. தரையின் வாட்டம். தண்ணீர் தேங்காமல் ஓட, ஈரப் பகுதியின் தரை ஒவ்வொரு மீட்டருக்கும் 10 முதல் 20 மில்லிமீட்டர் வரை இறங்க வேண்டும். இதைவிடக் குறைந்தால் குட்டை குட்டையாகத் தண்ணீர் நிற்கும். மிகக் கூடினால் நிற்கும் காலுக்குச் சரிவு உறுத்தும்.

3. நீர்த்தடுப்புப் படலம். டைல் தண்ணீரைத் தடுக்கிறது என்று பலரும் எண்ணுகிறார்கள். டைல் தடுக்கும், ஆனால் இரண்டு டைல்களுக்கு இடையே நிரப்பும் சிமெண்ட் கிரவுட் மெல்ல உறிஞ்சும். கசிவை உண்மையில் நிறுத்துவது டைலுக்கு அடியில் பூசப்படும் அல்லது விரிக்கப்படும் வாட்டர்புரூஃபிங் படலம்தான். அது தரையோடு முடியாமல் சுவரிலும் ஏற வேண்டும்: பொதுவாக ஒரு சாண் அளவுக்காவது, ஷவர் நிற்கும் சுவரில் ஏறத்தாழ 1.8 மீட்டர் உயரம் வரை.

4. ஈரக் காற்றின் வெளியேற்றம். சூடான குளியலின் ஆவி வெளியே போகாவிட்டால், குளிர்ந்த சுவரிலும் கூரையிலும் படிந்து ஓதமாகிப் பூஞ்சைக்கு இடம் கொடுக்கும். எக்ஸாஸ்ட் விசிறி வெளியே தள்ளும் காற்றுக்கு ஈடாக உள்ளே காற்று வரவும் வழி வேண்டும். கதவின் அடியில் ஒன்றிரண்டு சென்டிமீட்டர் இடைவெளி விடுவதன் காரணம் இதுவே. அழகுக்காக அந்த இடைவெளியை அடைப்பவர்கள் விசிறியை வெறுமனே சுழலவிடுகிறார்கள்.

இந்த நான்கோடு மின்சாரத்தையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஷவரிலிருந்தும் தொட்டியிலிருந்தும் உள்ள தூரத்தைக் கொண்டு குளியலறையை மண்டலங்களாகப் பிரிப்பது பன்னாட்டு மின்பாதுகாப்பு நடைமுறை. தொட்டியின் உட்பகுதி சுழிய மண்டலம். அதற்கு மேலே, தரையிலிருந்து 2.25 மீட்டர் உயரம் வரை முதல் மண்டலம். அதன் விளிம்பிலிருந்து பக்கவாட்டில் 60 சென்டிமீட்டர் வரை இரண்டாம் மண்டலம். சாதாரண மின்செருகி இவற்றுள் எதிலும் வரக்கூடாது. அறைக்குச் செல்லும் மின்சுற்று 30 மில்லிஆம்பியர் கசிவிலேயே துண்டிக்கும் கருவியின் காவலில் இருக்க வேண்டும். விளக்குள்ள கண்ணாடி, வெந்நீர் பீய்ச்சும் இருக்கை என்று புதுமைகள் பலவும் மின்சாரத்தை நாடுவதால், முன்பு மின்பணியாளர் மட்டுமே அறிந்திருந்த இந்தக் கணக்கை இப்போது வீட்டுக்காரரும் அறிந்திருப்பது நல்லது.

உடலுக்கு எவ்வளவு இடம் வேண்டும்?

அறை சிறியதா பெரியதா என்பதைச் சதுர மீட்டர் மட்டும் சொல்லிவிடாது. கமோடின் நடுக்கோட்டிலிருந்து பக்கச் சுவருக்கு 38 சென்டிமீட்டராவது வேண்டும். 45 இருந்தால் தோள் இடிக்காது. கமோடுக்கு முன்னால் 75 சென்டிமீட்டர் வெற்றிடம் இருந்தால் இயல்பாக எழுந்து உட்காரலாம். ஷவர் 76 சென்டிமீட்டர் சதுரத்திலும் இயங்கும். ஆனால் குனிந்து காலைத் தேய்க்க 90 சென்டிமீட்டர் வேண்டும். சக்கர நாற்காலி முழுவட்டமாகத் திரும்ப 1.5 மீட்டர் விட்டமுள்ள வெளி தேவை.

இந்த எண்களை அடுக்கிப் பார்த்தால், 4 சதுர மீட்டருக்கு உட்பட்ட அறையில் கமோடு, ஷவர், வாஷ்பேசின் ஆகிய மூன்று சாதனங்களும் ஒன்றின் வெற்றிடத்தை மற்றொன்று கடன் வாங்கித்தான் நிற்கின்றன என்பது விளங்கும். 4 முதல் 7 சதுர மீட்டர் வரை ஈரப் பகுதியையும் உலர் பகுதியையும் பிரிக்கும் வசதி கிடைக்கிறது. அதற்கு மேல் போனால் இடநெருக்கடி தீர்ந்துவிடுகிறது. அதன் இடத்தில் வேறு நெருக்கடிகள் வருகின்றன. இக்கட்டுரையில் சிறியது, நடுத்தரம், பெரியது என்று வருவன இந்த மூன்றையே குறிக்கும்.

சிறிய அறை: சுவரில் தொங்கும் கமோடு உண்மையில் இடத்தை மிச்சப்படுத்துகிறதா?

சிறிய குளியலறைக்கு முதலில் பரிந்துரைக்கப்படுவது சுவரில் தொங்கும் கமோடு. தரை முழுவதும் கண்ணுக்குத் தெரிவதால் அறை விரிந்தாற்போல் தோன்றும். அடியில் துடைப்பமும் தடையின்றிப் போகும். இவ்விரண்டும் உண்மை. ஆனால் இடம் மிச்சமாகும் என்ற பேச்சைச் சற்று அளந்து பார்க்க வேண்டும். பின்னால் தொட்டி ஒட்டிய வழக்கமான கமோடு சுவரிலிருந்து ஏறத்தாழ 65 முதல் 70 சென்டிமீட்டர் வரை நீள்கிறது. தொங்கும் கமோடின் கோப்பை 48 முதல் 54 சென்டிமீட்டர்தான். ஆனால் அதைத் தாங்கும் இரும்புச் சட்டமும் மறைந்த ஃப்ளஷ் தொட்டியும் புதிதாக எழுப்பும் சுவருக்குள் இன்னும் 15 முதல் 20 சென்டிமீட்டர் எடுத்துக்கொள்கின்றன. கூட்டினால் கணக்கு பழைய இடத்துக்கே வந்து நிற்கிறது.

ஏற்கெனவே உள்ள குழாய்ப் பொந்துக்குள்ளோ, வெட்டத் தகுந்த சுவருக்குள்ளோ சட்டத்தைச் செருக முடிந்தால் மட்டுமே மெய்யாக இடம் மிஞ்சும். சுமையைத் தாங்கும் சுவரை இதற்காகக் குடைவது கூடாது. உடையுமோ என்ற அச்சத்துக்குப் பெரிதும் இடமில்லை: ஐரோப்பியத் தரநிலை இத்தகைய கமோடை 400 கிலோ எடை ஏற்றிச் சோதிக்கிறது; அந்த எடையை ஏற்பது சட்டமும் அது ஊன்றிய தளமும்தான், வெளியே ஒட்டிய டைல் அல்ல. அச்சப்பட வேண்டியது வேறொன்றுக்கு. மறைந்த தொட்டியின் உள்ளுறுப்புகளை ஃப்ளஷ் பொத்தான் தகட்டைக் கழற்றி அந்தச் சிறு துளை வழியாகத்தான் மாற்ற முடியும். எனவே பல ஆண்டுகள் கழித்தும் உதிரிப்பாகம் கிடைக்கும் தயாரிப்பைத் தேர்ந்தெடுக்காதவர், ஒரு ரப்பர் வளையத்துக்காகச் சுவரையே இடிக்க நேரிடலாம்.

சிறிய அறைக்கு மெய்யாகவே இடம் தரும் மாற்றங்கள் இதைவிட எளியவை:

1. கதவு. உள்நோக்கித் திறக்கும் கதவின் வீச்சு ஏறத்தாழ அரைச் சதுர மீட்டர் தரையை விழுங்குகிறது. அதை வெளிநோக்கித் திறக்கும்படி மாற்றினாலோ, சுவருக்குள் நகரும் கதவாக்கினாலோ அந்த இடம் திரும்பிவிடும். உள்ளே ஒருவர் மயங்கி விழுந்து கதவை அடைத்துக்கொண்டாலும் திறக்க முடியும் என்பது இதனுடன் வரும் பெரிய நன்மை. விற்பனைக் கையேடுகளில் இது ஏனோ இடம்பெறுவதில்லை.

2. ஆழம் குறைந்த வாஷ்பேசின். 35 சென்டிமீட்டர் மட்டும் முன்னே நீளும் பேசின் நடைவழியை மீட்டுத்தரும். தெறிக்கும் தண்ணீர் சற்றுக் கூடும். அதை ஏற்கத்தான் வேண்டும்.

3. சுவர் மாடம். சோப்பும் எண்ணெயும் வைக்கத் தொங்கு தட்டுக்குப் பதிலாகச் சுவருக்குள் குழித்த மாடம் இப்போது பெருவழக்காகியிருக்கிறது. அதன் அடித்தட்டுக்கும் வெளிநோக்கி வாட்டம் வேண்டும். நீர்த்தடுப்புப் படலம் அதன் ஐந்து பக்கங்களிலும் அறுபடாமல் போக வேண்டும். மூலைகளில் படலம் விட்டுப்போகும் மாடமே கசிவின் தொடக்கமாக அமையும்.

4. அசையாத ஒற்றைக் கண்ணாடித் தடுப்பு. கீலும் தடமும் இல்லாததால் அழுக்கு சேரும் இடங்கள் குறைவு.

தடுப்புத் திட்டில்லா ஷவரும் பெரிய டைலும் மோதும் இடம்

இன்றைய புதுமைகளுள் அதிகம் விரும்பப்படும் இரண்டு, ஒன்றையொன்று எளிதில் ஏற்பதில்லை என்பதைப் பலர் வேலை நடக்கும்போதுதான் உணர்கிறார்கள். நடுவில் வட்ட வடிகால் உள்ள ஷவர் தரை நான்கு பக்கமிருந்தும் நடுவை நோக்கிச் சரிய வேண்டும். அதாவது, ஒரு தட்டையான பரப்புக்குப் பதிலாக நான்கு முக்கோணச் சரிவுகள் அங்கே உருவாகின்றன. 5 சென்டிமீட்டர் மொசைக் துண்டுகள் அந்த மடிப்பில் தாமாகவே வளைந்துகொள்ளும். 60 சென்டிமீட்டர் அகலமும் 120 சென்டிமீட்டர் நீளமும் கொண்ட டைல் எப்படி வளையும்? மூலைவிட்டமாக அறுக்க வேண்டும். அறுத்த கோடுகள் கண்ணை உறுத்தும். விளிம்புகள் ஏறியிறங்கிக் காலை இடறும்.

சுவரோரம் அமையும் நீள்வடிகால் பரவலானதற்கு இதுவே காரணம். அதில் தரை ஒரே திசையில் மட்டும் சரிவதால் பெரிய டைலை அறுக்காமல் பதிக்கலாம். 120 சென்டிமீட்டர் ஆழமுள்ள ஷவருக்கு 2 சதவீத வாட்டத்தில் 24 மில்லிமீட்டர் இறக்கம் வேண்டும். படலம், ஸ்கிரீட் (வாட்டம் கொடுக்கப் பரப்பும் சிமெண்ட் கலவை அடுக்கு), டைல், வடிகாலின் டிராப் (கழிவுக் காற்றைத் தடுக்க நீர் தேங்கி நிற்கும் பகுதி) ஆகியவற்றின் உயரத்தையும் சேர்த்தால், தளத்தில் ஏறத்தாழ 10 சென்டிமீட்டர் பள்ளம் தேவைப்படும். பள்ளம் விட்டுக் கட்டிய தளமானால் இது எளிது. இல்லையேல் குளியலறை முழுவதையும் உயர்த்த வேண்டும். அப்படி உயர்த்தினால், ஷவரில் அகற்றிய தடுப்புத் திட்டு அறை வாசலில் படியாக முளைக்கும். தடுப்பை நீக்கியதன் பயன் என்ன என்ற கேள்வியை அந்தப் படி கேட்டுக்கொண்டே இருக்கும்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இணைப்புக் கோடுகள் குறையக் குறையத் துப்புரவு எளிதாகிறது, ஆனால் பிடிப்பும் குறைகிறது. கிரவுட் கோடுகளே ஈரக்காலுக்குப் பற்றுக்கோடாக இருந்தவை. டைலின் வழுக்காத் தன்மையைக் காட்ட ஆர்9 முதல் ஆர்13 வரையிலான குறியீட்டை விற்பனையாளர்கள் எடுத்துச்சொல்வார்கள். அந்தச் சோதனை காலணி அணிந்தவர் எண்ணெய் பூசிய சாய்தளத்தில் நடப்பதை அடிப்படையாகக் கொண்டது. குளியலறைக்குப் பொருத்தமானது வெறுங்காலோடு சோப்பு நீரில் நடத்தும் மற்றொரு சோதனை. அதன் ஏ, பி, சி வகைகளுள் ஷவர் தரைக்குப் பி வகை தகும். கேட்டு வாங்க வேண்டியது இதைத்தான்.

நடுத்தர அறை: எதை விடுவது என்பதே தேர்வு

4 முதல் 7 சதுர மீட்டர் அறையில் பெரும்பாலும் நடப்பது, பழைய குளியல் தொட்டியை எடுத்துவிட்டு அந்த இடத்தில் நீண்ட ஷவர் அமைப்பது. தொட்டியின் 170 சென்டிமீட்டர் நீளம் தாராளமான ஷவருக்குப் போதும்; உயர்ந்த விளிம்பைத் தாண்டும் ஆபத்தும் நீங்கும். சிறு குழந்தைகள் உள்ள வீட்டில் மட்டும் ஒரு தொட்டியாவது எங்கேனும் இருப்பது நலம்.

இரட்டை வாஷ்பேசின் இந்த அளவு அறையில் அடிக்கடி கேட்கப்படுவது. அதற்குக் குறைந்தது 120 சென்டிமீட்டர், வசதியாக 150 சென்டிமீட்டர் நீள மேடை வேண்டும். இருவர் ஒரே நேரத்தில் பல் துலக்கும் சில நிமிடங்களுக்காக நாள் முழுவதும் பயன்படும் மேடைப்பரப்பையும் அடியிலுள்ள இழுப்பறைகளையும் இழப்பது சரியான பேரமாகத் தோன்றவில்லை. ஒரே நீண்ட பேசினும் இரண்டு குழாய்களும் வைத்தால் இருவகை வசதியும் ஓரளவு கிட்டும்.

நடுத்தர அறைக்கு நன்றாகப் பொருந்துவன இரண்டு. ஒன்று, நீர் பீய்ச்சிக் கழுவும் மின் இருக்கை. ஜப்பானின் டோட்டோ நிறுவனம் 1980இல் வாஷ்லெட் என்ற பெயரில் கொண்டுவந்த இந்தக் கருவி இப்போது பல நாடுகளிலும் பரவியுள்ளது. இன்று வாங்காவிட்டாலும், சுவர் திறந்திருக்கும்போதே கமோடின் அருகே, மண்டலங்களுக்கு வெளியே, ஒரு மின்இணைப்பை விட்டுவைக்கலாம். மற்றொன்று, வெப்பநிலையைத் தானே நிலைநிறுத்தும் தெர்மோஸ்டாட் கலவைக் குழாய். நுரையீரல் அழற்சியை உண்டாக்கும் லீஜியோனெல்லா நுண்ணுயிர் பெருகாதிருக்கச் சேமிப்புத் தொட்டியில் வெந்நீரை 60 டிகிரி செல்சியஸில் வைப்பது நல்லது. ஆனால் அந்தச் சூடு சில விநாடிகளில் தோலைக் கடுமையாகப் புண்ணாக்கும். வேறொரு குழாயை யாரேனும் திறந்து குளிர்நீரின் அழுத்தம் குறையும்போதும், ஷவரில் வரும் நீரை 38 டிகிரியில் நிறுத்துவது இக்கருவியின் வேலை.

பெரிய அறை: இடம் கூடும்போது கூடும் சிக்கல்கள்

பெரிய குளியலறையின் குறைகள் படத்தில் தெரிவதில்லை. அவற்றைக் கணக்கிட்டுத்தான் காண வேண்டும்.

1. காற்று. நொடிக்கு 25 லிட்டர் காற்றை வெளியேற்றும் சிறு எக்ஸாஸ்ட் விசிறியை எடுத்துக்கொள்வோம். மணிக்கு அது 90 கன மீட்டர். 3 சதுர மீட்டர் பரப்பும் 2.4 மீட்டர் உயரமும் உள்ள அறையின் காற்றை அது மணிக்குப் பன்னிரண்டு முறை மாற்றிவிடும். 12 சதுர மீட்டர் அறையில் மூன்று முறைதான். மணிக்கு எட்டு முறை என்ற வழக்கமான அளவை எட்ட 230 கன மீட்டர் தள்ளும் விசிறியோ, ஷவருக்கு மேலொன்றும் கமோடுக்கு மேலொன்றுமாக இரண்டு விசிறிகளோ தேவை.

2. வெந்நீருக்கான காத்திருப்பு. 15 மில்லிமீட்டர் உள்விட்டமுள்ள குழாய் ஒவ்வொரு மீட்டருக்கும் ஏறத்தாழ 0.18 லிட்டர் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கிறது. நீர்சூடேற்றி 20 மீட்டர் தள்ளி இருந்தால், மூன்றரை லிட்டர் குளிர்ந்த நீர் வெளியேறிய பின்பே சூடு வரும். நிமிடத்துக்கு 6 லிட்டர் ஓடும் குழாயில் அது 35 விநாடி. குழாய் 20 மில்லிமீட்டரானால் அந்த மூன்றரை லிட்டர் ஆறு லிட்டரைத் தாண்டும். அருகே சிறு சூடேற்றி வைப்பதோ, நீரைச் சுற்றிவரச் செய்யும் பம்ப் பொருத்துவதோ தீர்வாகும்.

3. தனித்து நிற்கும் தொட்டியின் எடை. 200 லிட்டர் தண்ணீர் 200 கிலோ. உள்ளே அமரும் ஆளும் தொட்டியும் சேர்ந்தால் 320 கிலோவைத் தாண்டும். வார்ப்பிரும்புத் தொட்டியானால் 400. வீட்டுத் தளங்கள் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 200 கிலோ நடமாட்டச் சுமைக்கே பெரும்பாலும் வடிவமைக்கப்படுகின்றன. மேல்மாடியில், அதிலும் மரத்தளத்தில், கட்டமைப்புப் பொறியாளரைக் கேட்காமல் தொட்டியை வாங்குவது முறையன்று. சுற்றிலும் துடைக்கக் கைநுழையும் இடமும் வேண்டும். சுவரிலிருந்து ஐந்து சென்டிமீட்டர் தள்ளி நிற்கும் தொட்டியின் பின்புறம் பிறகு யார் கையும் படாமலே போய்விடும்.

4. வறண்டுபோகும் டிராப். வடிகாலின் டிராப்பில் தேங்கும் சுமார் 50 மில்லிமீட்டர் நீரே கழிவுக் காற்றைத் தடுக்கும் அடைப்பு. அரிதாகப் பயன்படும் இரண்டாவது வடிகாலில் அந்த நீர் ஆவியாகிப்போனால், எவ்வளவு உயர்ந்த டைல் பதித்திருந்தாலும் அறை நாறும்.

இத்தனைக்கும் நடுவே பெரிய அறைக்கு மட்டுமே வாய்க்கும் நல்ல அமைப்பு ஒன்று உண்டு: கமோடைத் தனித் தடுப்பறைக்குள் வைப்பது. ஒருவர் உள்ளே இருக்கும்போதும் மற்றவர்கள் வாஷ்பேசினைப் பயன்படுத்தலாம். இரட்டை பேசினுக்கு இங்கேதான் பொருளிருக்கிறது.

எல்லா அளவுக்கும் பொதுவானவை

தண்ணீர்ச் சிக்கனம் இப்போது கூடுதல் வசதி என்ற நிலையைக் கடந்துவிட்டது. முழு ஃப்ளஷ், அரை ஃப்ளஷ் என்று பிரிந்த இரட்டைப் பொத்தான் முறை 1980களில் ஆஸ்திரேலியாவில் பரவத் தொடங்கியது. அமெரிக்காவில் 1992இல் இயற்றிய சட்டம் வீட்டுக் கமோடுகளை ஒரு ஃப்ளஷுக்கு 6 லிட்டர் என்ற எல்லைக்குள் கொண்டுவந்தது. ஷவரில் நிமிடத்துக்கு 9.5 லிட்டரிலிருந்து 7.6 லிட்டருக்கு இறங்கினால் பத்து நிமிடக் குளியலில் 19 லிட்டர் மிச்சம். மழைபோல் பொழியும் அகன்ற ஷவர் இதற்கு எதிர்த்திசையில் போகிறது. குறைந்த அழுத்தத்தில் அது மழையாகப் பெய்யாது, சொட்டும். ஆகவே அதை வாங்கும் முன் வீட்டின் நீரழுத்தத்தை அளந்தறிய வேண்டும்.

நிறங்களில் முழு வெண்மை பின்வாங்கி மண், களிமண், இலைப்பச்சை போன்ற வெதுவெதுப்பான சாயல்கள் முன்னே வந்துள்ளன. இதில் சரி தவறு இல்லை. மங்கிய கறுப்புக் குழாய் மட்டும், உப்பு மிகுந்த கடினநீர் வரும் வீட்டில் ஒவ்வொரு துளியின் வெண்தடத்தையும் காட்டிக்கொடுக்கும். அங்கே தேய்த்து மெருகிட்ட எஃகு நிறமே பொறுத்துக்கொள்ளும். இணைப்புக் கோடே இல்லாத மைக்ரோசிமெண்ட் பூச்சு 2 முதல் 3 மில்லிமீட்டர் கனமே உடையது. அடித்தளம் அசைந்தால் அதுவும் விரிசல் விடும். அது நீர்த்தடுப்புப் படலத்துக்கு மாற்றும் ஆகாது.

முதுமைக்கான ஏற்பாடு அதிகம் செலவில்லாதது, அதிகம் மறக்கப்படுவதும் அதுவே. கமோடின் பக்கத்திலும் ஷவரிலும் கைப்பிடிக் கம்பி பிற்காலத்தில் பொருத்த நேரிடும் என்று எண்ணி, 85 முதல் 90 சென்டிமீட்டர் உயரத்தில் சுவருக்குள் உறுதியான பலகையோ திடமான கட்டுமானமோ இப்போதே வைத்துவிடலாம். வெறும் ஜிப்சம் பலகையில் திருகிய கம்பி, வழுக்கும் ஆளையும் சேர்த்துக்கொண்டு வரும்.

வேலையின் வரிசை

அறை எந்த அளவினதாயினும் வரிசை ஒன்றே: இடிப்பு, கழிவுக் குழாய், தண்ணீர்க் குழாய், மின்கம்பி, அழுத்தச் சோதனை, வாட்டத்தோடு ஸ்கிரீட், நீர்த்தடுப்புப் படலம், டைல், கிரவுட், இறுதியாகச் சாதனங்கள். குழாய்களை மூடுமுன் அளவுநாடாவை அருகே வைத்து ஒவ்வொரு சுவரையும் படமெடுத்து வைத்தால், பின்னாளில் துளையிடுபவர் குழாயைத் துளைக்க மாட்டார். சுவரும் தரையும் சந்திக்கும் மூலைகளில் கிரவுட் வேண்டாம். இரண்டும் தனித்தனியே அசைபவை என்பதால் அங்கே நெகிழும் சிலிக்கான்தான் நிலைக்கும்.

படலம் காய்ந்ததும், டைல் பதிக்கும் முன், வடிகாலை அடைத்துத் தரையில் தண்ணீர் நிறுத்திக் குறைந்தது 24 மணி நேரம் பார்க்க வேண்டும். 48 என்றால் இன்னும் நல்லது. நீர்மட்டத்தைத் தொடக்கத்திலேயே பென்சிலால் சுவரில் கோடிட்டு வைத்து, மறுநாள் அந்தக் கோட்டையும் கீழ்த்தளத்தின் கூரையையும் பார்த்த பிறகே டைல் பெட்டிகளைப் பிரிக்கச் சொல்ல வேண்டும்.